லைன் பஸ், டூரிஸ்ட் பஸ், நடுவுல ஒரு தெர்மோகோல் கப்பல்

போன ஞாயித்துக்கிழமை காலைல காபி பாதிதான் குடிச்சிருப்பேன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல மச்சான் ஒரு படம் போட்டான். நீங்களும் பாத்திருப்பீங்க. ஓரமா ஒடுங்கிப்போய் டைட்டானிக். அதுக்குப் பின்னாடி, அதை அப்படியே முழுங்கி ஏப்பம் விடற மாதிரி ஐகான் ஆஃப் தி சீஸ்ங்கிற குரூஸ் கப்பல். கலர் கலரா சறுக்குமரம், கண்ணாடி உருண்டை, அடுக்கடுக்கா பால்கனி.

கீழ ஒரு வரி: "டைட்டானிக்கை விட 5 மடங்கு வெயிட்டு மாப்ள!"

அதுக்கு சித்தி ஒரு கும்பிடு. அத்தை ஒரு நெருப்பு. யாரோ ஒருத்தர் (எங்க குடும்பத்துல இப்படி ஒருத்தர் இருக்கார்னே எனக்குத் தெரியாது) "குட் மார்னிங்" ரோஜாப்பூ.

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. "அது வெயிட்டு இல்லடா, இடம்"னு டைப் பண்ணேன். மச்சான் ஒரு கட்டைவிரல் போட்டுட்டுப் போயிட்டான். கட்டைவிரல்! ஒருத்தன் மெனக்கெட்டுத் திருத்தறான், நீ கட்டைவிரலைக் காட்டற.

சரி, அங்க கேக்க ஆளில்ல. உங்ககிட்ட சொல்றேன்.

டைட்டானிக் 46,328 டன், ஐகான் 248,663 டன்னு போடறாங்க பாருங்க, அந்த டன் தராசுல வச்ச டன் இல்ல. கப்பலுக்குள்ள மூடின இடம் மொத்தம் எவ்வளவுன்னு சொல்ற கணக்கு. வீட்டை சதுர அடில சொல்றோம்ல, அதுல உயரத்தையும் சேத்துக்கோங்க, அவ்வளவுதான். டைட்டானிக் காலத்துல 100 கன அடி இடம் இருந்தா ஒரு டன். இப்ப சூத்திரம் மாறிடுச்சு, ஆனா அளக்கறது என்னமோ இடத்தைத்தான். எத்தனை கிலோங்கிறது தனிக் கணக்கு. டைட்டானிக்கோட நெஜ எடையே 52,000 டன் கிட்ட. அதாவது 46,000ங்கிற நம்பரை எடைன்னு நினைச்சா டைட்டானிக்குக்கே தப்பு.

பஞ்சு மூட்டையையும் அரிசி மூட்டையையும் பக்கத்துல வச்சு "பாத்தியா, பஞ்சு எவ்ளோ வெயிட்டு"ன்னு சொல்ற மாதிரி இருக்கு மச்சான் கதை.

நீளத்தைப் பாருங்க. டைட்டானிக் 269 மீட்டர். ஐகான் 365 மீட்டர். மூணுல ஒரு பங்கு கூடுதல். அவ்வளவுதான்! அப்ப அந்த அஞ்சு மடங்கு எங்கேருந்து வந்துச்சு? பக்கவாட்டுல பெருத்துச்சு, மேல ஏறுச்சு. 20 தளம். அதே தெருவுல, ஏறக்குறைய அதே மனைல, ஒருத்தர் ஓட்டு வீடு கட்டியிருக்கார், இன்னொருத்தர் அபார்ட்மெண்ட் போட்டுட்டார். அதான் விஷயம்.

ஏன் முன்னாடி யாரும் அப்படி அபார்ட்மெண்ட் போடல, இப்ப மட்டும் எப்படிப் போடறாங்க? இந்தக் கேள்விதான் என் ஞாயித்துக்கிழமையைத் தின்னுச்சு. (அப்புறம் திங்கள், செவ்வாயும். அது பின்னாடி வருது.)

நம்ம ஊர்ல "லைன் பஸ்"ஸுன்னு சொல்லுவோம்ல? "அது லைன்ல ஓடற வண்டி சார், நிக்காது"ன்னு கண்டக்டர் சொல்லுவாரே, அது. குறிச்ச நேரம், குறிச்ச ஊர். மழை பேஞ்சாலும் எடுக்கணும், உள்ள நாலே பேர் இருந்தாலும் எடுக்கணும். டூரிஸ்ட் பஸ் வேற. கண்ணாடி பெருசு, சீட்டு மெத்து மெத்துன்னு, பாட்டு, டிவி. வழில மழைன்னா ஒரு டீக்கடைல ஓரங்கட்டிடுவாங்க. "கொடைக்கானல் இன்னிக்கு வேணாம், வைகை டேம் பாத்துட்டுப் போயிரலாம்"னா யாரும் கேஸ் போட மாட்டாங்க.

டைட்டானிக் மாதிரிக் கப்பலுக்குப் பேரு ஓஷன் லைனர். அதுல இருக்கிற "லைன்" சாட்சாத் இந்த லைன்தான். (லைன் வீட்டுல இருக்கிறது வேற லைன். சுத்திப் போகாம விஷயத்துக்கு வர்றேன்.) சவுத்தாம்ப்டன்லேருந்து நியூயார்க். வாரா வாரம். டிசம்பர்ல வட அட்லாண்டிக் கொந்தளிச்சாலும் கெளம்பணும். தபால் இருக்கு, வேலைக்குப் போறவன் இருக்கான், குடிபெயர்றவன் இருக்கான். வேற வழி கிடையாது, ஏன்னா விமானம் இல்ல. குரூஸ் கப்பல் டூரிஸ்ட் பஸ். புயல் வருதா, சுத்திப் போகலாம். ஒரு தீவை விட்டுட்டு இன்னொரு தீவு காட்டலாம். பாதி பேர் நீச்சல்குளத்துல இருப்பாங்க, எந்தத் தீவுன்னே கவனிக்க மாட்டாங்க.

வேலை வேற, அதனால உடம்பு வேற. நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். ஆனா இதை மச்சானுக்குப் புரிய வைக்க என்ன பாடு பட்டேன் தெரியுமா.

தற்செயலா அதே வாரம் பொண்ணுக்கு ஸ்கூல்ல ப்ராஜெக்ட். ஏழாங்கிளாஸ். "போக்குவரத்து"ன்னு தலைப்பு. மத்த பிள்ளைங்க எல்லாம் ரயில், மெட்ரோ. "நாம கப்பல் பண்ணலாம்டா கண்ணு"ன்னேன். பழைய பிரிட்ஜ் பெட்டில வந்த தெர்மோகோல் பரண்ல கெடந்துச்சு. (எந்த வீட்டுப் பரண்லதான் அது இல்ல? தூக்கிப் போடவும் மனசு வராது, ஒண்ணுத்துக்கும் ஆகாது.)

முதல் முயற்சி: ஐகான் மாதிரி ஒண்ணு. 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பெட்டி வெட்டி, மேல ஏழு அடுக்கு. பொண்ணு ஸ்ட்ராவை வெட்டி சறுக்குமரம் ஒட்டினா. துணி ஊறவைக்கிற பெரிய டப்புல தண்ணி ரொப்பி, நல்ல நேரம் பாத்து இறக்கினோம்.

தடால். ஒரே வினாடி. சறுக்குமரம் கீழ, அடிப்பாகம் மேல.

"அப்பா, இது சப்மரைன் ப்ராஜெக்ட்டா?"ன்னு கேட்டா. வாய் ஜாஸ்தி. அவ அம்மா மாதிரி.

ரெண்டாவது முயற்சி: அடிப்பாரம் வச்சேன். கீழ குடைஞ்சு பழைய பேட்டரி, ரெண்டு கூழாங்கல், ஒரு துருப்பிடிச்ச தாழ்ப்பாள். நின்னுச்சு! அப்பத்தான் உறைச்சுது, நெஜக் கப்பல்லயும் இதே கதைதான்னு. ஆளுங்க கேப்பாங்க, "இவ்வளவு உசரமா இருக்கே, கவுந்துடாதா?"ன்னு. என்ஜின், எண்ணெய்த் தொட்டி, தண்ணித் தொட்டி, கனமானது எல்லாம் அடில. மேல இருக்கிற மாடிங்க பாக்கத்தான் மலை, உள்ள பூரா வெறும் ரூமு, காத்து. அகலமும் கூடுதல்: டைட்டானிக் 28 மீட்டர், ஐகான் தண்ணிமட்டத்துலயே 48 கிட்ட. காலை அகட்டி வச்சு நிக்கிற பயில்வான் மாதிரி. அவ்வளவு சீக்கிரம் சாயாது.

மூணாவது: லைனர். அதே 60 சென்டிமீட்டர். ஆனா அணியத்தை (முன்மூக்கை எங்க ஊர்க் கடக்கரைல அப்படித்தான் சொல்லுவாங்க) நீளமா, கூர்மையா சீவினேன். பிளேடால ஒண்ணு, விரல்ல ஒண்ணு. பிளாஸ்திரி ஒட்டிட்டுத் தொடர்ந்தேன். மாடிங்களை மூக்குலேருந்து நல்லாப் பின்னாடி தள்ளி வச்சேன். புகைபோக்கிக்கு டிஷ்யூ பேப்பர் சுத்திவர்ற அட்டைக்குழாய். மூணு.

இப்ப சோதனை. தீப்பெட்டிதான் ரூமு. கடைல போய் மொத்தமா வாங்கினேன். (கடைக்காரர் ஒரு மாதிரி பாத்தார்.) பெட்டிக் கப்பலோட தரைத்தளத்துல 36 தீப்பெட்டி புடிச்சுது. கூர்மூக்குக் கப்பல்ல? 22. அதே நீளம், அதே அகலம்! மூக்குல ஒண்ணு கூட நிக்கல, வால்பக்கம் வளைவுல ரெண்டு தவறி விழுந்துச்சு. மாடி ஏத்தறதுக்கு முன்னாடியே 14 ரூம் போச்சு.

14 ரூமுக்கு வாடகை யார் தருவா? குரூஸ் கம்பெனிக்காரன் மூஞ்சி அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சு. இவ்வளவு அழகா மூக்கு சீவி அதுல ஒரு பைசா வருமானம் இல்லன்னா அவன் எதுக்கு சீவறான்? மூக்கை மொழுக்கையாக்கு, பின்பக்கத்தை சுவர் மாதிரி நேரா வெட்டு, பக்கமெல்லாம் பால்கனி வை. கடல் தெரியற பால்கனி ரூமுக்குத்தான் காசு. லைஃப் போட்டைக் கூட கீழ இறக்கிட்டாங்க. அது மேல இருந்தா பால்கனிலேருந்து பாக்கறவனுக்குக் கடல் தெரியாதே.

அப்ப பழைய ஆளுங்க என்ன முட்டாளா, அந்த மூக்கை வச்சிருந்தாங்களே?

இதுக்குத்தான் முறம்.

வீட்டம்மா இல்லாத நேரமாப் பாத்து முறத்தை எடுத்து டப்புல அலை கெளப்பினேன். பெட்டிக் கப்பல் மூஞ்சில தண்ணி பளார் பளார்னு அறைஞ்சுது. ஒவ்வொரு அறைக்கும் கப்பல் நின்னு நின்னு போகுது, ரெண்டாம் மாடில தீப்பெட்டி நனைஞ்சுபோச்சு. கூர்மூக்கு? கத்தி வெண்ணைல எறங்கற மாதிரி. நூல் கட்டி இழுத்தா சும்மா வழுக்கிட்டு வருது. எனக்குக் கொண்டாட்டம் தாங்கல. வீடியோ எடுத்து குரூப்புல போட்டேன். மச்சான்: கட்டைவிரல்.

ஆனா ஒரு உண்மையை ஒத்துக்கணும். அலையைப் பக்கவாட்டுலேருந்து விட்டா என் லைனர் தண்ணி போட்டவன் மாதிரி உருண்டுச்சு. இந்தப்பக்கம், அந்தப்பக்கம், மறுபடி இந்தப்பக்கம். செஞ்சவன் கை சரியில்லன்னு நினைச்சேன். இல்லையாம்! குயின் மேரியே இந்த விஷயத்துல ரொம்பப் பேர் போனதாம். 1936ல ஓட ஆரம்பிச்ச கப்பல், ராணி மாதிரி கம்பீரம், ஆனா உருளும். தட்டு, டம்ளர், பயணிகளோட மதிய சாப்பாடு எல்லாம் எடம் மாறும். 1950கள் கடைசிலதான் அதுக்கு ஸ்டெபிலைசர், அதாவது பக்கத்துல மீன் துடுப்பு மாதிரி ஒரு ஏற்பாடு, பொருத்தினாங்க. அதுவரைக்கும் இருபது வருஷம் ஜனங்க கம்பியைப் புடிச்சுக்கிட்டேதான் போயிருக்காங்க.

வேகத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை. குயின் மேரி சாதாரணமாவே 28 நாட் வேகத்துக்கு மேல ஓடும். மணிக்கு 52 கிலோமீட்டர் கிட்ட. "ப்பூ, எங்க ஊர் மினி பஸ்ஸே அவ்ளோ போகும்"னு சொல்லாதீங்க. 310 மீட்டர் நீளக் கப்பல், தண்ணிக்குள்ள 12 மீட்டர் கிட்ட ஆழம், அதைத் தள்ளிக்கிட்டு அட்லாண்டிக்ல 52. அது என்ன பந்தா? பந்தாவும் உண்டு, கணக்கும் உண்டு. அந்த வேகம் இருந்தா ரெண்டே கப்பலை வச்சு ரெண்டு பக்கமும் வாரா வாரம் சர்வீஸ் ஓட்டலாம். மெதுவா ஓடினா மூணு வேணும். குயின் மேரியும் குயின் எலிசபெத்தும் போருக்கப்புறம் அப்படித்தான் ஓடினாங்க. இந்த முனைல ஒண்ணு, அந்த முனைல ஒண்ணு. நம்ம டிப்போல ஷெட்யூல் போடற அதே கணக்கு.

குரூஸுக்கு எதுக்கு வேகம்? ராத்திரி ஜனங்க தூங்கறப்ப அடுத்த தீவுக்குப் போய் நின்னா போதும். 22 நாட் தாராளம். இதுல ஒரு சூட்சுமம். வேகம் கொஞ்சம் கூட்டினாலும் என்ஜின் பலம் எக்கச்சக்கமா கூடும். 22லேருந்து 28 ஆக்கணும்னா ரெண்டு மடங்குக்கும் மேல சக்தி வேணும். எண்ணெய்ச் செலவும் அதுக்கேத்த மாதிரி.

இந்த வேகப் பைத்தியத்தோட உச்சம் எஸ்எஸ் யுனைட்டட் ஸ்டேட்ஸ். 1952, முதல் பயணம், அட்லாண்டிக்கை 3 நாள் 10 மணி 40 நிமிஷத்துல தாண்டிச்சு. சராசரி 35 நாட்டுக்கு மேல. வடிவமைச்சவர் வில்லியம் ஃபிரான்சிஸ் கிப்ஸ், தீன்னா அவருக்கு அவ்வளவு பயம். கப்பல்ல மரமே கூடாதுன்னுட்டார். கறி வெட்டற கட்டையும் பியானோவும்தான் விதிவிலக்கு. இவ்வளவு பாத்துப் பாத்துக் கட்டின கப்பல் 17 வருஷம்தான் ஓடுச்சு. அப்புறம் பல வருஷம் ஃபிலடெல்பியால ஓரமா நின்னு பெயிண்ட் உரிஞ்சு, 2025 பிப்ரவரில இழுத்துக்கிட்டுப் போனாங்க. எதுக்கு? ஃப்ளோரிடாப் பக்கம் கடல்ல முக்கி மீன் வளர்க்க. அந்த வீடியோவை நான் முழுசாப் பாக்கல. பாக்க முடியல.

லைனர்களைக் கொன்னது எது? 1958. அந்த வருஷம் அக்டோபர்லதான் ஜெட் விமானம் அட்லாண்டிக்கைத் தாண்டி பயணிகளைக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சுது. நாலஞ்சு நாள் பயணம் ஒரு ராத்திரியாச்சு. வேகத்துக்காக மூக்கு சீவினவனை வேகத்துலயே ஜெயிச்சா அவன் என்ன பண்ணுவான்?

சில பேர் வேஷம் மாத்தினாங்க. எஸ்எஸ் பிரான்ஸ்னு ஒரு கப்பல், 1962. பிரெஞ்சுக்காரங்க பெருமை. அதை 1979ல நார்வேக்காரர் ஒருத்தர் வாங்கி, நார்வேன்னு பேர் வச்சு, கரீபியன் குரூஸுக்கு விட்டார். முதல் காரியமா என்ன பண்ணாங்க தெரியுமா? நாலு ப்ரொப்பல்லர்ல ரெண்டைக் கழட்டிட்டாங்க. ஒரு என்ஜின் அறையையே மூடிட்டாங்க. ஓட்டப்பந்தயக்காரனை ரிசப்ஷன்ல உக்கார வச்ச மாதிரி. அந்தக் கப்பல் கடைசில எங்க வந்துச்சுன்னா, குஜராத், அலங். "ப்ளூ லேடி"ங்கிற பேர்ல 2006ல கரையேத்தி, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கு, உடைக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் வழக்கு போய், அப்புறம் உடைச்சாங்க.

சரி, சோகம் போதும். புகைபோக்கி மேட்டருக்கு வருவோம், ஏன்னா இதுல ஒரு காமெடி இருக்கு.

லைனர்னா கம்பீரம், குரூஸ்னா பகட்டுன்னு ஒரு நினைப்பு. நானும் அப்படித்தான் பேசிட்டிருந்தேன். ஆனா டைட்டானிக்கோட நாலாவது புகைபோக்கில பாய்லர் புகையே போகல! காத்தோட்டத்துக்கும் சமையக்கட்டுக்கும்தான் அது. நாலு இருந்தாத்தான் பாக்க எடுப்பா இருக்கும்னு வச்சது. 1935ல வந்த நார்மண்டிலயும் மூணாவது புகைபோக்கி டம்மி. அதுக்குள்ள பயணிகளோட நாய்களைக் கட்டிப்போட்டாங்க. மாருதி 800க்குப் பின்னாடி ரெண்டு சைலன்சர் மாட்டிக்கிட்டு சுத்தின என் காலேஜ் சிநேகிதனை இனிமே நான் கிண்டல் பண்ண மாட்டேன்.

இன்னொண்ணு. லைனர்ல போனவங்க கடலை ரசிச்சுக்கிட்டே போனாங்கன்னு நினைக்காதீங்க. குளிர், வாந்தி, பயம். அதனால கப்பலுக்குள்ள நுழைஞ்சா கடல்ல இருக்கோம்ங்கிறதே மறந்துபோகணும்னு வேணும்னே கட்டினாங்க. ஓட்டல் மாதிரி தூணு, அரண்மனை மாதிரி படிக்கட்டு, கணப்படுப்பு. கடலை மறைக்கிற வேலையை ஆரம்பிச்சு வச்சதே அவங்கதான்.

ஆனாலும் லைனர்ல சுத்திவர நடைபாதை இருந்துச்சுங்க. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஏன்னா எனக்குச் சொந்த அனுபவம். சில வருஷம் முன்னாடி சிங்கப்பூர்லேருந்து மூணு ராத்திரி குரூஸ். (எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க. நல்லாத்தான் சோறு போட்டாங்க.) காசு மிச்சம் பண்றேன்னு ஜன்னல் இல்லாத உள்ரூம் எடுத்தேன். என் தப்புதான். லைட்டை அணைச்சா பகலா ராத்திரியான்னு தெரியாது, பாதாளச் சிறை. சரி, வெளில போய் கப்பலை ஒரு சுத்து சுத்தி வரலாம்னு கெளம்பினேன். கொஞ்ச தூரம் போனா "ஊழியர்களுக்கு மட்டும்"னு கதவு. திரும்பி வந்து இன்னொரு பக்கம் போனா நீச்சல்குளம். அதைத் தாண்டினா ஐஸ்கிரீம் வரிசை. மாடி ஏறினா காசு கட்டினவங்களுக்கு மட்டும். முக்கா மணி நேரம் சுத்தி நகைக்கடைக்கும் வாட்ச் கடைக்கும் நடுவுல வந்து நின்னேன். கூட வந்த அம்மா, "ஏண்டா, கடல் எந்தப் பக்கம்டா?"ன்னு கேட்டாங்க. கடலுக்கு நட்ட நடுவுல நின்னுக்கிட்டு அம்மாவுக்குக் கடலைத் தேடிக் காட்ட வேண்டியதாப் போச்சு.

(ஆனா அம்மாவுக்கு அந்தக் கப்பல் புடிச்சுது. அசையவே இல்ல, முட்டி வலிக்கு லிஃப்ட் இருந்துச்சு, மூணு வேளையும் யாரோ சமைச்சாங்க. அவங்க வாழ்நாள்ல அதுதான் முதல் லீவு. இதையும் சொல்லிடறேன், இல்லன்னா சாமி கண்ணைக் குத்தும்.)

இன்னிக்கு லைனர்னு நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடியது ஒண்ணே ஒண்ணு ஓடுது. குயின் மேரி 2. 2004 ஜனவரில முதல் பயணம். வடிவமைச்சவர் ஸ்டீஃபன் பெய்ன். அவர் கதை சூப்பர். 1972ல பழைய குயின் எலிசபெத் ஹாங்காங்ல எரிஞ்சுபோச்சு. அப்ப பிரிட்டன்ல "ப்ளூ பீட்டர்"னு சின்னப் பசங்க டிவி நிகழ்ச்சி, அதோட ஆண்டுமலர்ல "இனிமே இப்படி ஒரு கப்பல் வரவே வராது"ங்கிற மாதிரி எழுதிட்டாங்க. 12 வயசுப் பையன் ஒருத்தன் கடுப்பாகி லெட்டர் போட்டான்: நீங்க சொல்றது தப்பு, வரும். அவனுக்கு ஒரு பேட்ஜ் அனுப்பி வச்சாங்க. 30 வருஷம் கழிச்சு அவனே கட்டிக் காட்டிட்டான். (அவங்க பேட்ஜாவது அனுப்பினாங்க. எனக்குக் கட்டைவிரல்.)

அந்தக் கப்பல்ல என் முறம் சோதனை அத்தனையும் இருக்கு. நீளமான கூர்மூக்கு. மேல வர்ற அலையை உடைக்க முன்தளத்துல தடுப்பு. கனமான இரும்பு. 30 நாட் வரைக்கும் வேகம். லைஃப் போட்டுங்க தண்ணிமட்டத்துலேருந்து 25 மீட்டர் கிட்ட உசரத்துல. விதிப்படி 15 மீட்டர்தான், ஆனா அட்லாண்டிக் அலை அடிச்சா கீழ இருக்கிற படகு தாங்காதுன்னு வாதாடி தனி அனுமதி வாங்கினாங்க. அலை அப்படி என்ன உசரம் வந்துடப்போகுதுன்னு கேக்கறீங்களா? 1995 செப்டம்பர்ல குயின் எலிசபெத் 2, புயல் பக்கத்துல போனப்ப, 29 மீட்டர் அலை ஒண்ணு முன்னாடி எழுந்து நின்னுச்சு. மாலுமிகளோட கண்மட்டத்துக்கு. மூக்கை அதுக்குள்ள விட்டு, சின்னச் சேதத்தோட நியூயார்க் போய்ச் சேந்துச்சு. எல்லா லைனருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்ல. 1966ல இத்தாலியோட மிக்கெலாஞ்சலோவை ஒரு அலை அறைஞ்சு முன்பக்க மாடியையே நசுக்கி, மூணு பேர் இறந்துபோனாங்க. மூக்கு சீவினது சும்மா ஷோவுக்கு இல்ல மச்சான்.

குயின் மேரி 2ல சுத்திவர நடைபாதையும் உண்டு. மூணு சுத்து சுத்தினா ஒரு மைலைத் தாண்டும். கதவு எதுவும் குறுக்க வராது.

ஆனா அதுவும் முழுப் பத்தினி இல்ல. பால்கனி இருக்கு, குளம் இருக்கு, குரூஸும் போகுது. புகைபோக்கியைக் குட்டையாக்கிட்டாங்க, நியூயார்க் வெரசானோ பாலத்துக்கு அடில நுழையணுமே. பழைய கப்பல் பைத்தியங்க இதுக்கெல்லாம் மூக்கால அழறாங்க. நான் அழல. லைன் பஸ்ஸுல ஏசி போட்டா லைன் பஸ் இல்லாமப் போயிடுமா?

இப்ப புதன்கிழமை. ப்ராஜெக்ட் கொடுக்கிற நாளுக்கு முன்னாடி நாள்.

ஊர்லேருந்து பெரியப்பா வந்திருந்தார், கண்ணு ஆபரேஷனுக்கு. 88 வயசு. ஒரு கண்ணுல பச்சைத் துணி, இன்னொண்ணுல எல்லாத்தையும் பாத்துடுவார். ரெண்டு தெர்மோகோல் கப்பலும் ஹால்ல டீப்பாய் மேல. நான் அவருக்கு முழு லெக்சரும் கொடுத்தேன். லைன் பஸ், மூக்கு, தீப்பெட்டி, முறம். பொறுமையாக் கேட்டார்.

அவர் கப்பல்ல போயிருக்கார்ங்க. எனக்குத் தெரியும், ஆனா அந்த மூணு நாளும் எனக்கு அது ஞாபகமே வரல பாருங்க! 1955ல, 18 வயசுல, நாகப்பட்டினத்துலேருந்து பினாங்கு. ரஜூலா. 1926ல கிளாஸ்கோல கட்டின கப்பல், மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு 47 வருஷம் பெரும்பாலும் அதே லைன்ல ஓடுச்சு. கறுப்புப் புகைபோக்கில ரெண்டு வெள்ளைப் பட்டை. வெறும் 8,500 டன் கிட்டதான், ஆனா ஆரம்பத்துல அதுல 5,000 பேருக்கு மேல டெக்ல ஏத்தலாம்னு சான்றிதழ் இருந்துச்சு. ஐகான்ல அதோட முப்பது மடங்கு இடத்துக்கு 7,600 பேர். இந்தக் கணக்கை யாரும் வாட்ஸ்அப்புல போடறதில்ல.

"நாகப்பட்டினத்துல கப்பல் கரைக்கு வராதுடா தம்பி. தூரத்துல நிக்கும். படகுல கொண்டுபோய் ஏத்துவான். டிரங்குப் பெட்டி, பாய், ஒரு கூஜா. ஏறினதும் ஓடிப்போய்ப் பாயை விரிச்சு எடம் புடிக்கணும். முந்தினவனுக்குக் காத்து வர்ற எடம். பிந்தினவனுக்கு என்ஜின் சூடு."

"பயமா இருந்துச்சா பெரியப்பா?"

"வாந்திதான். பக்கத்துப் பாய்க்காரர் ஊறுகாய் கொடுத்தார். அந்த ஆளோட பினாங்குல பதினஞ்சு வருஷம் ஒரே கடைல வேலை பாத்தேன்."

திரும்பி வந்தது எழுபதுகள்ல, சிதம்பரம் கப்பல்ல. அது பிரெஞ்சுக்காரங்க 1966ல பாஸ்டர்ங்கிற பேர்ல கட்டினது, நம்ம கப்பல் கார்ப்பரேஷன் வாங்கி இந்த லைன்ல விட்டுச்சு. "அதுல படுக்க பெர்த்து உண்டு, சொகுசு"ன்னார். 1985ல அது தீப்பிடிச்சு நெறைய உயிர் போய், அத்தோட அந்த லைனும் போச்சு.

பேசிக்கிட்டே என் லைனரைக் கைல எடுத்தார். நல்ல கண்ணு பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பாத்தார். மூணு புகைபோக்கி, சீவின மூக்கு, முன்தளம் பளிச்சுன்னு காலியா. பாராட்டப் போறார்னு நான் நெஞ்சை நிமித்தி நிக்கறேன்.

"நல்லாத்தான் பண்ணிருக்கே. இதுல பாய் எங்கடா விரிக்கிறது?"

நான் ஒண்ணும் சொல்லல. பொண்ணு எழுந்து போய் பூஜை ரூம்ல கெடந்த பழைய கோரைப்பாய் ஓரத்தைக் கத்தரியால வெட்டிட்டு வந்தா. நகத்தளவு நகத்தளவாத் துண்டு போட்டு, முன்தளம் பூரா ஒட்டினா. 41 பாய். ஒண்ணை மட்டும் பெரியப்பா தன் கையால ஒட்டினார், காத்து வர்ற பக்கமாப் பாத்து.

அவ அம்மா இன்னும் பூஜை ரூமுக்குள்ள போகல. போனதும் சொல்றேன்.